நாலரைக் கட்டை

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்த அன்று ஸ்ரீரங்கம் கிழக்கு உத்திர வீதியில் பாதிப் பேர் எங்கள் திண்ணையில்தான் இருந்தார்கள். 1983, ஆடிப்பெருக்கு முடிந்த மறு வாரம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. அவரோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். பொன்மலையிலும் கிராப்பட்டியிலும் அப்படிக் கிளம்பிய குடும்பங்கள் அப்போது பல. கட்டிலையும் பீரோவையும் வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தது. பியானோவுக்குக் கிடைக்கவில்லை. அப்பா ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைந்த விலையில் அதை வாங்கிவிட்டார்.

டயர் வண்டியில் வைக்கோல் பரப்பி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ரேழிக் கதவைக் கழற்றினால்தான் உள்ளே நுழையும் என்றானதும் தச்சரை அழைத்துக் கழற்றினோம். கூடத்துச் சுவரோரம், ஊஞ்சலுக்கு எதிரில் அது நின்றது. எனக்கு அப்போது 10 வயது.

இன்றைய பியானோக்களில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. எங்களுடையது பழைய காலத்து நிமிர்ந்த பியானோ, 85 கட்டைகள்தான். வெள்ளைக் கட்டைகளின் மேல் ஒட்டியிருந்த தந்தம் மூன்று இடங்களில் பெயர்ந்திருந்தது. பாட்டி அருகில் வந்து உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினாள். தன் சுருதிப் பெட்டியை எடுத்து வரச் சொல்லிச் சேர்த்துப் பார்த்தாள். "அரைக் கட்டை இறங்கியிருக்கு" என்றாள்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லும் நம் வழக்கம் ஆர்மோனியத்திலிருந்து வந்தது. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை, ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒரு சுருதியே கிடையாது. இந்தக் கணக்கெல்லாம் பாட்டிக்கு அத்துப்படி. கல்யாணத்துக்கு முன்பு வாத்தியாரிடம் வர்ணம் வரை பாடம் ஆனவள். 14 வயதில் கல்யாணம், அதோடு பாடம் நின்றது. ஐந்து கட்டையில் பாடுவாள். பியானோ சுருதியில் இறங்கியிருந்ததைச் சரிசெய்ய ஒருவரை வரவழைத்தோம். பழைய கம்பிகளை அதற்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும், உள்ளபடியே ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறேன் என்று சொல்லி அப்படியே செய்துவிட்டுப் போனார். ஆகையால் எங்கள் வீட்டுப் பியானோவில் ஐந்தாம் கட்டையை அழுத்தினால் நாலரைக் கட்டைதான் பேசும். இன்றும் அப்படித்தான்.

பாடத்துக்குக் கிராப்பட்டிக்குப் போனேன். சனிக்கிழமை காலை ராஜகோபுரத்துக்கு வந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால், சத்திரம், பாலக்கரை கடந்து ஜங்ஷன். அங்கிருந்து அப்பா சைக்கிளில் அழைத்துப் போவார். ராஜகோபுரம் அப்போது முழுசாக இல்லை. அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரத்தின் மேல் 1979இல் வேலை தொடங்கியிருந்தது. சவுக்குக் கழிகளால் சாரம் கட்டி, நிலை நிலையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆசிரியை ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. எல்லோரும் மிஸ் என்றே கூப்பிடுவோம். ரயில்வே காலனித் தமிழில் பேசுவார், இடையிடையே சைல்ட் என்பார். முதல் மாதம் முழுக்க இரண்டு கட்டை விரல்களும் நடு ஸ்வரத்தைத் தொட்டு நிற்க, ஐந்து ஐந்து விரல்களுக்குள் அடங்கும் சின்னச் சின்னப் பாடல்கள். கட்டை விரல் 1, சுண்டு விரல் 5 என்று விரலுக்கு எண். உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல் கை வளைந்திருக்க வேண்டும். நொட்டேஷனில் மேல் ஐந்து கோடு வலது கைக்கு, கீழ் ஐந்து கோடு இடது கைக்கு. எனக்கு எதுவும் கஷ்டமாக இல்லை. பாட்டியிடம் சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் ஆகியிருந்ததால் காது தயாராக இருந்தது, தாளம் உடம்பில் இருந்தது. மிஸ் அதைக் கண்டு சந்தோஷப்பட்டார். ஆனாலும் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் தாண்டவிடவில்லை.

1985 ஜூனில் மிஸ் தன் மகளிடம் பெர்த் நகருக்குப் போனார். எப்போது திரும்புவார் என்று தெரியாது. பாடம் நின்றுபோகக் கூடாதென்று அப்பா நகரில் வேறோர் இசை வகுப்பில் சேர்த்தார்.

அங்கே எனக்கு என்ன வாசிக்கத் தெரியும் என்று கேட்கவில்லை. என்ன வாசிக்க ஆசை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது! 'ஃபியூர் எலீஸ்' என்றேன். கடிகாரக் கடையிலும், திறந்தால் பாடும் நகைப்பெட்டியிலும் கேட்ட பாட்டு. பீத்தோவன் 1810இல் எழுதியது, அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து 1867இல்தான் அச்சில் வந்தது. உலகத்தில் பியானோ முன் உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் கேட்பது அதைத்தான். மறு வாரமே மூன்று பக்கங்களையும் கையில் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி மாத ஆண்டு விழாவில் மேடையில் வாசிக்க வேண்டும். அதோடு நேராக மூன்றாம் கிரேடு தேர்வு. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வாகட்டும், ராயல் ஸ்கூல்ஸ் தேர்வாகட்டும், எட்டு கிரேடுகள் உண்டு. முந்தைய கிரேடுகளை எழுதாமலேயே மூன்றாம் கிரேடுக்கு நேரே போகலாம். விதி இடம் கொடுக்கிறது. விரல் இடம் கொடுக்குமா என்று யாரோ ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் பக்கம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. அதுதான் என்னையும் ஆசிரியரையும் அப்பாவையும் ஒருசேர ஏமாற்றியது. ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் இரண்டு கைகளும் பெரும்பாலும் சேர்ந்து வாசிப்பதே இல்லை. வலது கை ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துகிறது, இடது கை கீழிருந்து மூன்று ஸ்வரம் ஏறி அதை வலது கையிடம் ஒப்படைக்கிறது. கேட்பவருக்கு ஒரே கோடு. கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த காதுக்கு அது சொந்த வீடு. நாம் பாடுவதும் ஒற்றைக் கோடுதானே: சுருதி பின்னால் நிற்கும், தாளம் அடியில் நிற்கும், பாட்டு ஒன்றாகவே போகும்.

இரண்டாம் பக்கத்தில் பாட்டு ஸ்வரஸ்தானம் மாறிக் கொஞ்ச நேரம் மேஜரில் சிரிக்கிறது. வலது கையில் பொடி ஸ்வரங்கள் கொட்டுகின்றன, அதே நேரம் இடது கைக்குத் தனி வேலை. மூன்றாம் பக்கத்தில் இடது கை கீழே ஒரே கட்டையை நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க, மேலே வலது கை மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு உச்சி வரை ஏறி, கறுப்பு வெள்ளை ஒன்றுவிடாமல் இறங்க வேண்டும். 12 வயதுக் கை அது. எட்டாவது கட்டையைத் தொட்டால் சுண்டு விரல் அடியில் நரம்பு இழுக்கும். இடது கை வாசிப்பது சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, அது இன்னொரு பாட்டு என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் பாடு என்றால் பாட்டியால்கூடப் பாட முடியாது.

நொட்டேஷனைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். விரல்கள் எங்கே போகின்றன என்பதை மட்டும் மனப்பாடம் செய்தேன். தினமும் இரண்டு மணி நேரம், முதலிலிருந்து ஆரம்பித்து, தடுக்கும் இடத்தில் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து. முதல் பக்கத்தை விழாவுக்கு முந்தைய ஐந்து மாதத்தில் ஆயிரம் முறைக்கு மேல் வாசித்திருப்பேன். மூன்றாம் பக்கத்தை ஐம்பது முறைகூட வாசித்திருக்க மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சாதகம் செய்கிறார்கள், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தும் வரை.

ஆண்டு விழாவில் மூன்றாம் பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டேன். நின்ற இடத்திலிருந்து தொடங்கத் தெரியவில்லை, ஏனென்றால் நடுவிலிருந்து ஒருநாளும் தொடங்கியதில்லை. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அதே இடத்தில் மறுபடி நின்றேன். எழுந்து வணங்கிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றும் காதில் கேட்கும். தேர்வுக்குப் போக மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வகுப்பு ஆசிரியரை நான் இன்றுவரை குறையாக நினைத்ததில்லை. மேடையும் பெற்றோரும் தேர்வுப் பட்டியலும் சேர்ந்து அவரையும்தான் விரட்டிக்கொண்டிருந்தன.

மூன்று மாதம் பியானோவின் மூடியைத் திறக்கவில்லை. அம்மா வாரம் ஒருமுறை உள்ளே பாச்சை உருண்டை மாற்றிப் போடுவாள். சுத்தியல்களுக்குச் சுற்றியிருக்கும் கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் வழி.

மே மாதம், அக்கினி நட்சத்திரம். மத்தியானம் எல்லோரும் தாழ்வாரத்தில் படுத்திருந்தோம். பாட்டி புளி எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டையைத் தனியாக முறத்தில் போட்டபடியே கேட்டாள்.

"அந்தப் பாட்டுல எந்த இடம்டி வரலை?"

"எல்லாமே வரலை பாட்டி."

"எல்லாமே வராத பாட்டுன்னு ஒண்ணு கிடையாது. போய் வாசி. எங்க தடுக்கறதோ அங்க கையை எடுத்துட்டு, அடுத்த அடிக்குப் போ."

கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தடுக்கிய ஒவ்வொரு இடத்திலும் பியானோவின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். முதல் பக்கத்துக்கு இரண்டு. இரண்டாம் பக்கத்துக்கு ஒன்பது. மூன்றாம் பக்கத்துக்கு எண்ணுவதை விட்டுவிட்டாள். மூன்று குவியலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு இடம் தடுக்கினா, அது சாதகம் பண்ற பாட்டு. ஒம்பது இடம் தடுக்கினா, அது எடுத்து வைக்கற பாட்டு. உங்கிட்ட தப்பில்லை. பாட்டுகிட்டயும் தப்பில்லை. இப்போ வேண்டாம், எடுத்து வை."

நொட்டேஷனில் ஓர் எழுத்தும் தெரியாத பாட்டி சொன்ன இந்த அளவுகோலை, பிறகு எத்தனையோ பியானோ ஆசிரியர்கள் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதிய பாட்டை மெதுவாக ஒருமுறை வாசித்துப் பார்க்கும்போது, பக்கத்துக்கு ஓரிடம் இரண்டிடம் தடுக்கினால் அது உன் அளவு. பக்கம் முழுக்கத் தடுக்கினால் அது அடுத்த வருஷத்துப் பாட்டு. காரணமும் உண்டு. கைக்குச் சரி தவறு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பழகிக்கொள்ளும். தடுக்கலையே நூறு முறை செய்தால் கை தடுக்கலை நன்றாகக் கற்றுக்கொள்ளும். நான் மேடையில் நின்ற இடம், வீட்டில் ஐந்து மாதம் நின்று பழகிய அதே இடம்.

அதற்கு மறுநாளிலிருந்து பாட்டி என் சாதகத்தை எடுத்துக்கொண்டாள். நம் முறையில் எதற்காகச் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அந்தப் பாடத்தில், ஸ்வரங்களின் இடைவெளி கீழ்ப் பாதியிலும் மேல் பாதியிலும் ஒரே மாதிரி அமைகிறது. கீழே கற்றதை மேலே அப்படியே செய்யலாம். பியானோவில் வாசித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு அதே வரிசை மூன்று காலத்தில். முதல் காலம் கெட்டியாகாமல் இரண்டாம் காலம் கிடையாது. வராதபோது குழந்தையைத் திட்டுவதில்லை, ஒரு காலம் இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். இதை நான் ஆறு வயதிலிருந்து செய்துகொண்டிருந்தேன். பியானோவின் முன் உட்கார்ந்ததும் ஏன் மறந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரப் பாடல்களைப் பாட்டி கையில் எடுத்தாள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தவர் தீட்சிதர். எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜவாழ்த்தின் மெட்டிலேயே 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில் 'சியாமளே மீனாக்ஷி' இருக்கிறது. "இது வெள்ளைக்காரா பாட்டுதானே, இதுக்கு உன் பொட்டி என்ன சொல்றதுன்னு பாரு" என்றாள். வலது கையில் சியாமளே மீனாக்ஷி. இடது கையில் ஒரே ஒரு ஸ்வரம், வரிக்கு இரண்டு முறை. மறுநாள் இடது கையில் இரண்டு ஸ்வரம். அதற்கு மறுநாள் மூன்று. முதல் தடவையாக என் இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்வதை நானே கேட்டேன். பாட்டி கூடவே பாடினாள், ஐந்து கட்டையை விட்டு நாலரைக் கட்டைக்கு இறங்கி.

வெளியூரிலிருந்து வந்த அண்ணா அந்த வருஷம் ஒரு கேசட்டை வாங்கி வந்தான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986இல் வந்தது. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக்கின் வயலின் இசையோடு நம் ராகம் பேசும். கூடத்தில் அதைப் போட்டபோது பாட்டி ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஊரில் ஆர்மோனியத்தோடு கச்சேரி கச்சேரியாகச் சுற்றிவிட்டு, அதன் பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையை முறையாகப் படித்தவர் இளையராஜா. ஆயிரம் மேடை பார்த்த கையோடு போய், பாடத்துக்கு உட்கார்ந்த மனிதர்! அந்தச் செய்தியை அண்ணா ஏதோ பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டியபோது எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது.

ஆகஸ்டில் மிஸ் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஃபியூர் எலீஸ் பக்கங்களைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கிழிக்க மாட்டேன் சைல்ட். பத்திரமா இருக்கும்" என்றார். பியானோ மேல் வேறொரு தாளை வைத்தார். 'மினுவெட்', 32 பார். பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பது. எங்கள் புத்தகத்தில் பாக் பெயர்தான் போட்டிருந்தது. உண்மையில் அதை எழுதியவர் டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்பதைப் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். வலது கை நடந்து போகும். இடது கை ஒவ்வொரு பாருக்கும் ஒன்றோ இரண்டோ ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும், எப்போதாவது தானும் நாலடி நடக்கும். இரண்டு பாட்டு என்பது எப்படி இருக்கும் என்று ஆரம்பப் பிள்ளைக்குக் காட்ட அதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

நான்கு பார் நான்கு பாராகத்தான் மிஸ் கொடுப்பார். முதலில் வலது கை. பிறகு இடது கை. பிறகு இரண்டும், பாதி வேகத்தில். அதுவும் வராவிட்டால் இடது கையை அவர் வாசிப்பார், வலது கையை நான். அடுத்து மாற்றிக்கொள்வோம். சில நாள் கடைசி நான்கு பாரிலிருந்து தொடங்கி முன்னால் வருவோம். அப்போது வாசிக்க வாசிக்க நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவோம், பயம் இருக்காது. இந்தக் கடைசி உபாயத்துக்காக மட்டுமே அவருக்குக் கோயில் கட்டலாம். வீட்டில் புளியங்கொட்டை தொடர்ந்தது. பத்துக் கொட்டை இடப் பக்கம். தடுக்காமல் ஒருமுறை வாசித்தால் ஒன்று வலப் பக்கம் போகும். தடுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், போன கொட்டை திரும்பி வராது. பத்தும் போனதும் எழுந்துவிட வேண்டும், ஆசையாக இருந்தாலும்.

மினுவெட் முழுதாக வந்த அன்று பாட்டி, "இது நம்ம சங்கராபரணம்னா!" என்று ஸ்வரம் பாடினாள். அது எழுதப்பட்டிருந்தது ஐந்து கட்டையில். எங்கள் பியானோவில் நாலரை.

ஆரம்பப் பிள்ளைகளுக்கு எழுதுவதைப் பெரியவர்கள் சின்ன வேலையாக நினைக்கவில்லை என்பதை மிஸ்ஸின் அலமாரி எனக்குக் காட்டியது. மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காகத் தொடங்கி 1848இல் சிறுவர்களுக்கென ஒரு தொகுப்பே எழுதினார் ஷூமன். ஹங்கேரியின் பார்டோக் 1926 தொடங்கி 1939 வரை 153 பாடல்களை எழுதி, ஆறு புத்தகங்களாக, மிகச் சுலபத்திலிருந்து மிகக் கடினத்துக்கு அடுக்கினார். முதல் இரண்டு புத்தகங்கள் அவர் மகன் பேட்டருக்கு. புர்க்முல்லர் எழுதிய 25 எட்யூட்களில் ஒவ்வொன்றும் கைக்கு ஒரே ஒரு புதிய வித்தையைத்தான் கேட்கும். நம் ஊரில் தாசருக்கும் தீட்சிதருக்கும் இருந்த அதே அக்கறை. அவற்றில் எளியவற்றை நான்கு வருஷத்தில் ஒவ்வொன்றாக வாசித்தேன். யாரும் கைதட்டாத பாடல்கள். எனக்கு அவை அத்தனையும் இன்னும் கையில் இருக்கின்றன.

1987 மார்ச் 25, ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி. அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் அழகியசிங்கரின் எட்டு வருஷ உழைப்பு. ஒரு நிலை இளையராஜாவின் கைங்கரியம் என்று வீதியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் மொட்டைமாடியில் நிற்க இடமில்லை. சாரம் பிரித்த கோபுரத்தைப் பாட்டி கண்கொட்டாமல் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது மொட்டையாகத்தான் நின்றிருந்தது.

1990 டிசம்பரில், எனக்கு 17 வயதில், மிஸ் அலமாரியைத் திறந்து பழைய மூன்று பக்கங்களைக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தை முதலில் எடுக்கச் சொன்னார். எட்டாவது கட்டைக்கு விரல் வலிக்காமல் போயிற்று. இடது கை அடியில் ஒரே கட்டையை அடித்துக்கொண்டிருந்தது, வலது கை அதன் பாட்டுக்குப் பேசியது. ஐந்து வாரத்தில் மூன்று பக்கமும் வந்துவிட்டன. பாட்டி அப்போது இல்லை, அந்த வருஷம் புரட்டாசியில்தான் போனாள். கேட்க ஆள் இல்லையே என்று முதல் முறை வாசித்து முடித்ததும் அழுதேன். மிஸ் தடுக்கவில்லை.

இப்போது வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று அதே வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் வருகிறார்கள். 2019இல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது, பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கீபோர்டு வாங்காத வீடு குறைவு. ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டு பறக்கும் பாட்டை நிமிஷத்துக்கு 208 அடி வேகத்தில் வாசித்து, உடனே 325இல் வாசித்துக் காட்டினான் 13 வயதில். நானும் கண்ணீரோடுதான் பார்த்தேன். அதே பாட்டை ஒரு மாதத்தில் சொல்லித் தர முடியுமா என்று கேட்டு மூன்று பெற்றோர் வந்தார்கள். அந்தப் பையன் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தாளத்தோடு வளர்ந்தவன், இசைக்கலைஞர் வீட்டுப் பிள்ளை, கே.எம். இசைக் கல்லூரியில் படித்தவன். அந்த 208க்குக் கீழே எத்தனை நாள் 40உம் 60உமாக மெட்ரோனோம் ஓடியிருக்கும் என்பதைத் தொலைக்காட்சி காட்டாது.

இப்போது யூடியூபில் கட்டைகளின் மேல் வண்ணக் கட்டங்கள் விழுந்து காட்டிக்கொடுக்கும் படங்கள் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்து விரலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். நான் 1985இல் செய்த அதே காரியம். முதல் பக்கம் அருமையாக இருக்கும். இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அந்தக் குனிந்த தலையை என்னால் தாங்க முடிவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு பாட்டில் மாதக்கணக்காகத் திணறினால், சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள், திறமை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை இடத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள், எண்ணுவதற்குச் சங்கீதம் தெரிய வேண்டாம். அதிகம் என்றால் ஆசிரியரிடம் போய், இதைவிடச் சின்னப் பாட்டு கொடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பெரிய பாட்டைக் கிழித்துவிட வேண்டாம், பிள்ளையின் கண்ணில் படும்படி ஒரு தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 9 வயது. ஃபியூர் எலீஸ் வேண்டும் என்றுதான் வந்தாள். அந்தத் தாள்கள் என் அலமாரியில் அவள் பெயர் போட்டு இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை சியாமளே மீனாக்ஷிக்கு இடது கை தொடங்குகிறோம், நாலரைக் கட்டையில்.